பலர் கூடிக் காட்டும் காட்சி

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணிகைக்குச் செல்கின்றவர் எல்லாரும் ஒரே விழாவுக்குத்தான் செல்கின்றனர். ஆயினும் ஒருவர் கண்டதை மற்றொருவர் காண்பதில்லை. மலையடிவாரத்தில் சரவணப் பொய்கையின் படிக்கட்டில் இடம் பிடித்தவர் தெப்பத்தைக் காண்பார். மலைமேல் நிகழ்வது அவருக்குத் தெரியாது. 365 படிகளிலும் காவடியோடு ஏறுகின்றவர் தமக்கு முன்னே செல்பவரின் முதுகையும், தம் காலுக்கு அடுத்த படியையும் காண்பார். மலையுச்சியில் நிற்பவர் விளக்கொளியில் ஊர் முழுவதையும் காண்பார். ஆனால் காவடி சுமப்பவரின் நெற்றியில் வழியும் வியர்வை அவர் கண்ணுக்கு எட்டாது. கூட்டத்தில் நிற்கும் மனிதனுக்கு ஓர் இடந்தான் உண்டு. அவ்விடத்திலிருந்து தெரிவதுதான் அவனுக்கு விழா.

அதே விழாவைத் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முழங்கால் வலியினால் படியேற இயலாத மூதாட்டி ஒருத்தி தன் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் அமர்ந்து, பொய்கையையும் படியையும் உச்சியையும் மாறி மாறிக் காண்கிறாள். காவடி சுமப்பவரின் முகமும் அவளுக்குத் தெரிகிறது. தெப்பத்தின் மேல் எழுந்தருளிய தெய்வத்தின் திருமுகமும் தெரிகிறது. விழாவுக்கு நேரில் சென்ற எவரும் காணாத முழுமையை அவள் காண்கிறாள். இது எவ்வாறு நிகழ்கிறது? இதற்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கின்றனர்? அவர்கள் தம் தொழிலை எவ்வாறு பயில்கின்றனர்? மாணவ நண்பர்களே, இவற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசக் கருதுகிறேன்.

நான் இத்தொழிலில் பல ஆண்டுகள் உழைத்தவன். இப்போது இளைஞர்களுக்கு அதைப் பயிற்றுவித்து வருகிறவன். நேரடி ஒளிபரப்பைப் பற்றிய முதற் பாடத்தில் நான் கரும்பலகையில் வரைவது எப்போதும் திருத்தணி மலைதான். உச்சி, சரிவு, அடிவாரம், குளம் என்று நான்கு நிலைகளும் ஓரிடத்தில் அமைந்த ஊர் அது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை அடுத்து இருக்கிறது. அங்கே விழா நடந்தால் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும். அவ்வூர் விழாவை ஐந்து காமிராக்களைக் கொண்டு காட்ட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று மாணவர்களைக் கேட்பேன். அந்தக் கணக்கை அவர்கள் போட்டு முடிப்பதற்குள் தொழிலின் பாதி விளங்கிவிடும்.

கணக்குக்குப் போகுமுன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். லண்டனில் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நிறுவனம் 1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் தொலைக்காட்சியைத் தொடங்கியது. மறு ஆண்டு மே 12-ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை ஹைட் பார்க் முனையில் 3 காமிராக்களை நிறுத்தி அவர்கள் காட்டினர். அன்று கோயிலுக்குள் நடந்த முடிசூட்டலைத் தொலைக்காட்சி காணவில்லை. ஊர்வலம் கடந்து சென்ற தெருவைத்தான் கண்டது. 16 ஆண்டுகள் கழித்து, 1953-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், எலிசபெத் அரசியார் முடிசூடியபோது காமிராக்கள் வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலுக்குள்ளேயே சென்றன. பிரிட்டனில் மட்டும் ஏறத்தாழ 2 கோடி மக்கள் அதைக் கண்டனர். பல காமிராக்கள் கண்டதைத் தொடுத்து, நிகழும் பொழுதே ஒரே காட்சியாக வழங்கும் கலை இவ்வாறு வளர்ந்தது.

நம் நாட்டில் தொலைக்காட்சி பிறந்தது வானொலியின் மடியில்தான். 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை முயற்சியாக அது தொடங்கியபோது அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. சென்னை நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. 1976 ஏப்ரல் முதல் நாள் தூர்தர்ஷன் தனித் துறையாகப் பிரிந்தது. இத்தொழிலுக்கு ஆட்களைப் பழக்கும் பயிற்சிப் பிரிவு 1971-இல் தில்லியில் ஏற்பட்டு, 1974-இல் புனே நகரத்துத் திரைப்படக் கல்லூரிக்கு மாற்றப்பட்டது. 1982-ஆம் ஆண்டு தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளின்போது, பல திடல்களில் பல காமிராக்களை நிறுத்தி வண்ணத்தில் நேரடியாகக் காட்டும் பெரும்பணி நம்மவர்களுக்கு வாய்த்தது.

இனித் திருத்தணிக்கு வருவோம். தெப்ப நாள் மாலை. முதற் காமிராவைப் பொய்கைக் கரையில் உள்ள உயரமான மாடியொன்றில் நிறுத்துகிறோம். குளமும் மலையும் ஒருசேரத் தெரியும் அகலமான காட்சி அதற்கு. இரண்டாம் காமிரா குளத்துப் படிக்கட்டில். தொலைவில் உள்ளதை அருகில் இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸ் பொருத்தியது. மூன்றாவது, மலைப்படிகள் தொடங்கும் இடத்தில். நான்காவதை ஒருவர் தோளில் சுமந்து காவடிக் கூட்டத்தோடு நடக்கிறார். ஐந்தாவது மலையுச்சியில். இந்த ஐந்து படங்களும் கீழே நிறுத்தப்பட்டிருக்கும் ஓ.பி. வண்டி என்னும் நடமாடும் நிலையத்துக்கு வந்து சேர்கின்றன. வண்டிக்குள் ஐந்து சிறு திரைகள் வரிசையாக இருக்கும். ஆறாவது திரையில் அடுத்து வரவிருக்கும் படம். ஏழாவதில் நாட்டுக்குச் சென்றுகொண்டிருக்கும் படம்.

அந்தத் திரைகளின் முன் அமர்ந்து, எந்தப் படம் எப்போது செல்ல வேண்டும் என்று முடிவு செய்பவர் தயாரிப்பாளர். அவர் சொன்ன நொடியில் பொத்தானை அழுத்திப் படத்தை மாற்றுபவர் விஷன் மிக்ஸர். அருகே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் தயாரிப்பு உதவியாளர். ஐந்து காமிராக்களின் ஒளியையும் வண்ணத்தையும் ஒத்திருக்கச் செய்பவர் ஒரு பொறியியலார். ஒலியைக் கவனிப்பவர் இன்னொருவர். வெளியே களத்தில், தயாரிப்பாளரின் கண்ணாகவும் குரலாகவும் நின்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துபவர் ஃப்ளோர் மானேஜர். காமிராக்காரர் ஐவர், வருணனையாளர் ஒருவரோ இருவரோ. காமிராக்காரர் நகரும்போது காலில் சிக்காதபடி கம்பியை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்களும் உண்டு. இத்தனை பேரையும் இணைப்பது காதில் மாட்டிய ஹெட்போன். ஒருவர் வாயைத் திறந்தால் அனைவர் காதிலும் கேட்கும்.

புதிதாகச் சேரும் மாணவன் எவனைக் கேட்டாலும், தான் தயாரிப்பாளர் ஆக வேண்டும் என்பான். ஆசை நல்லதுதான். ஆனால் நாங்கள் அவனிடம் முதல் நாள் கொடுப்பது கம்பிச் சுருள். பிறகு ஃப்ளோர் மானேஜரோடு நிற்க வைப்போம். பின்னர்க் காமிரா, அதன் பின் ஒலி, அதன் பின் பொத்தான் பலகை. இவற்றையெல்லாம் சுற்றி வந்த பிறகே தயாரிப்பாளரின் நாற்காலி. பயிற்சிக் காலத்தில் வாரந்தோறும் பணிகளை மாற்றிக் கொடுப்போம். சென்ற வாரம் ஆணையிட்டவன் இந்த வாரம் ஆணைக்குக் காத்து நிற்பான். இதில் சிலருக்கு மனக்குறை உண்டாவதைக் கண்டிருக்கிறேன். "எனக்கு ஒரு தொழிலைச் சொல்லிக் கொடுங்கள், நான் அதில் தேர்ச்சி பெறுகிறேன். எல்லாவற்றையும் எதற்காகத் தொட வேண்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையைத் திருத்தணிப் பொய்கைக் கரையிலேயே தேடுவோம்.

தெப்பம் குளத்தைச் சுற்றி வருகிறது. நம் கரையிலிருந்து பார்க்கும்போது அது இடமிருந்து வலமாகச் செல்கிறது என்று கொள்ளுங்கள். எதிர்க்கரையில் நிற்பவருக்கு அதே தெப்பம் வலமிருந்து இடமாகச் செல்லும். இரண்டு கரையிலும் காமிராவை வைத்து, ஒன்றை அடுத்து ஒன்றைக் காட்டினால், வீட்டில் இருப்பவர் தெப்பம் திடீரென்று திரும்பிவிட்டதாக மயங்குவார். ஆகையால் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, காமிராக்களையெல்லாம் அதன் ஒரே பக்கத்தில் நிறுத்துவது மரபு. கோட்டைக் கடக்க நேர்ந்தால், இடையில் மேலிருந்து முழுக் குளத்தையும் காட்டி, பார்ப்பவருக்கு இடத்தை நினைவூட்டிவிட்டுத்தான் கடக்க வேண்டும். இந்த விதியைப் புத்தகத்தில் படித்தவன் மறந்துவிடுவான். பொத்தான் பலகையில் அமர்ந்து, இரண்டு படங்களும் முட்டிக்கொள்வதைத் தன் கண்ணால் கண்டவன், மறுநாள் காமிராவோடு குளக்கரைக்குச் செல்லும்போது எங்கே நிற்க வேண்டும் என்று எவரையும் கேட்க மாட்டான்.

ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்பதை நீங்கள் இயற்பியலில் படித்திருப்பீர்கள். தெப்பத்தில் தவில் வாசிக்கிறார்கள். 170 மீட்டர் தள்ளி நம் மைக் இருக்கிறது. தவிலில் கோல் விழுந்து அரை விநாடி கழித்துத்தான் அந்த ஒலி மைக்கை வந்தடையும். படமோ அந்தக் கணமே வந்துவிடும். நம் நாட்டுத் தொலைக்காட்சியின் முறைப்படி விநாடிக்கு 25 படங்கள். ஆகவே 12 படங்கள் கடந்த பிறகு ஒலி கேட்கும். தவில்காரர் கோலை ஓங்கும்போது அடி கேட்கும். அடிக்கும்போது ஒன்றும் கேட்காது. எனவே மைக் தெப்பத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். காமிராக்காரர் நீண்ட லென்ஸைத் திருப்பி ஒரு நொடியில் தொலைவைக் கடந்துவிடலாம். ஒலிப்பதிவாளர் அவ்வாறு கடக்க இயலாது. அவர் முன்கூட்டியே அங்கே போயிருக்க வேண்டும். ஒரு வாரம் மைக்கோடு அலைந்த தயாரிப்பாளர்தான், தவில்காரர் கையை நெருக்கமாகக் காட்டுவதற்கு முன், "அங்கே மைக் இருக்கிறதா?" என்று கேட்பார்.

ஒளியின் செய்தியும் இத்தகையதே. பொய்கை நீர் இருண்டிருக்கும். தெப்பமோ மின்விளக்குகளால் ஒளிரும். தீபாராதனையின்போது கற்பூரச் சுடர் எழும், ஆபரணங்கள் பளிச்சிடும். வண்டிக்குள் இருக்கும் பொறியியலார் ஒவ்வொரு காமிராவின் கண்ணையும் சிறிது திறந்தும் சிறிது மூடியும் அந்த மாறுதலுக்கு ஈடு கொடுக்கிறார். ஒரு காமிராவில் மஞ்சளாகத் தெரியும் பட்டு மற்றொன்றில் பச்சையாகத் தெரிந்தால், அவை இரண்டும் ஒரே பட்டு என்று எவரும் நம்ப மாட்டார்கள். மேலும், ஐந்து காமிராக்களும் ஒவ்வொரு படத்தையும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும். இல்லையேல் படம் மாறும்போது திரை துள்ளும். அதற்காக வண்டியிலிருந்து ஒரு துடிப்பு எல்லாக் காமிராக்களுக்கும் செல்கிறது. நாதஸ்வரக் குழுவில் தாளம் போடுபவருடைய வேலையைப் போன்றது அது. கேட்பவர் அவரைக் கவனிப்பதில்லை. அவர் தவறினால் கச்சேரி குலைந்துவிடும்.

நாதஸ்வரம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. நம் பழைய ஆசிரியர்கள் இந்த முறையை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். நாதஸ்வரம் பயில வந்த சிறுவன் எடுத்த எடுப்பில் பெரிய வாத்தியத்தைக் கையில் வாங்கிக் கச்சேரிக்கு அமர்ந்துவிடுவதில்லை. ஆசிரியர் வாசிக்கும் இடங்களில் தாளம் போடுவான். சுருதிக்காக ஒத்து ஊதுவான். அந்த நாட்களில் அவன் காது நிறைந்துவிடும். வட ஆர்க்காட்டிலும் தொண்டை நாட்டின் பிற பகுதிகளிலும் திரௌபதி அம்மன் விழாவில் ஆடப்படும் தெருக்கூத்தும் இத்தகையதுதான். வேடம் கட்டியவர் ஆடி முடித்தபின் சும்மா இருப்பதில்லை. பின்னே நின்று மற்றவருக்குப் பின்பாட்டுப் பாடுவார். எல்லார் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்திருப்பதனால், விடியற்காலையில் ஒருவர் குரல் கம்மினாலும் கூத்து நிற்பதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை 3 காமிராக்களைக் கொண்டு நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தோம். நான் அன்று தயாரிப்பு உதவியாளன்; கையில் கடிகாரத்தோடு வண்டிக்குள் இருந்தேன். முதற் காமிராவின் அகலக் காட்சி நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. அடுத்து, வித்துவானின் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த இரண்டாம் காமிராவுக்கு மாற வேண்டும். அந்த வேளையில் அந்தக் காமிராவின் திரை இருண்டுவிட்டது. தயாரிப்பாளர் வாயைத் திறக்குமுன், தவில்காரரின் கைகளைக் காட்டிக்கொண்டிருந்த மூன்றாம் காமிரா மெல்லத் திரும்பி வித்துவானின் முகத்தில் வந்து நின்றது. அது நிலைகொள்ளும் வரையில் முதற் காமிராக்காரர் தம் காட்சியை இம்மியும் அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர், "டேக் த்ரீ" என்றார். படம் மாறியது. ஒரு நிமிடத்துக்குள், கம்பி பிடிக்கும் இளைஞர் இருட்டில் தடவிச் சென்று, கூட்டத்தில் யாருடைய காலோ பட்டுத் தளர்ந்திருந்த இணைப்பைக் கண்டு இறுக்கிவிட்டார். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ராகம் மட்டும் தெரியும். இது ஒன்றும் தெரியாது.

பிறகு நான் மூன்றாம் காமிராக்காரரைக் கேட்டேன், "உங்களுக்கு யார் சொன்னது?" என்று. அவர் சிரித்தார். "சென்ற ஆண்டு நான் ஆறு மாதம் பொத்தான் பலகையில் இருந்தேன் அல்லவா? இரண்டாவது போய்விட்டால் உள்ளே இருப்பவர் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?" என்றார். முதற் காமிராக்காரரும் அங்கே அமர்ந்து பழகியவர்தாம். இரண்டே காமிராக்கள் எஞ்சினால், ஒன்று அசையாமல் நிற்க வேண்டும், மற்றது தேடிச் செல்ல வேண்டும், இரண்டும் ஒருசேர நகரக் கூடாது என்பதை அவர் உள்ளிருந்து கற்றவர். எதற்காக எல்லாவற்றையும் தொட வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஒரு நிமிடமே விடை. நேரடி ஒளிபரப்பில் சொல்லிப் புரியவைக்க நேரம் கிடையாது. ஒருவர் தேவையை மற்றவர் சொல்லாமல் அறிய வேண்டுமானால், அவர் இடத்தில் ஒருநாள் நின்றிருக்க வேண்டும்.

ஆணையிடும் முறையிலும் இதைக் காணலாம். பழகிய தயாரிப்பாளர், "ஃபோர், இடப்பக்கம் திரும்புங்கள்" என்று எண்ணை முதலில் சொல்வார். பழகாதவர், "இடப்பக்கம் திரும்புங்கள், ஃபோர்" என்பார். இலக்கணப்படி இரண்டும் சரி. ஆனால் இரண்டாவது வகையில், எண் காதில் விழுவதற்குள் ஐந்து காமிராக்காரர்களும் இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் படம் அந்தக் கணத்தில் நாட்டுக்குச் சென்றுகொண்டிருக்கும். காமிராவின் மேல் எரியும் சிறு சிவப்பு விளக்கு, உன் படம்தான் இப்போது செல்கிறது என்று அறிவிப்பது. ஒருமுறை அந்த விளக்கின் கீழ் நின்று, தவறான நேரத்தில் வந்த ஆணையைக் கேட்டுத் திகைத்தவர், பின்னாளில் ஆணையிடும்போது சொல்லின் வரிசையை மாற்ற மாட்டார்.

ஃப்ளோர் மானேஜர் பணி வேறு வகையான கல்வியைத் தருவது. அரங்கில் நடக்கும் நிகழ்ச்சியானால், கையசைத்து நடிகரைத் தொடங்கச் சொல்லலாம், நிறுத்தச் சொல்லலாம். திருவிழாவில் அது நடவாது. நமக்காகத் தீபாராதனை ஒரு நொடியும் காத்திருக்காது, காத்திருக்கவும் கூடாது. கருவறைக்குள் காமிராவுக்கு இடமில்லை. ஆகவே முதல் நாளே கோயிலாரிடம் சென்று, உற்சவர் மலையிலிருந்து எப்போது இறங்குவார், எந்த வழியாகப் பொய்கைக்கு வருவார், எங்கே நிற்பார் என்று பணிவோடு கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நம் மூன்று கால் தாங்கி, காலையிலிருந்து காத்திருக்கும் பக்தரின் கண்ணை மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் மூதாட்டிக்காக, வந்து நிற்கும் மூதாட்டியின் தரிசனத்தைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. இந்தப் பணிவைப் பெற்ற பிறகே ஒருவர் வண்டிக்குள் அமர்ந்து ஆணையிடத் தகுதி பெறுகிறார்.

தகுதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாற்காலியில் அமர்பவர் கையில் இருப்பது பெரிய பொறுப்பு. ஐந்து படங்களில் ஒன்றை அனுப்பும்போது நான்கை அவர் மறைக்கிறார். திருத்தணி எல்லைப்புறத்து ஊர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அவ்வூர் அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானம் போன்றோர் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின் வழியே 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியது, விழாவுக்கு வருகின்றவர்கள் மாறவில்லை. இன்றும் காவடி எடுப்பவர்களில் தெலுங்கு பேசுவோர் பலர். தமிழ்ப் பாட்டோடு வரும் காவடியை மட்டும் காட்டித் தெலுங்குப் பாட்டோடு வரும் காவடியைக் காட்டாமல் விட்டால், சொல்லால் ஒரு பொய்யும் சொல்லாமலே நாட்டுக்கு ஒரு பொய்யைக் காட்டிவிட்டோம். அவ்வாறே, வசதியுள்ளவர் அமரும் பந்தலை அடிக்கடி காட்டிவிட்டு, படியில் ஏறுகின்ற ஏழைப் பெண்ணைக் காட்டாமல் விடுவதும் பொய்தான்.

இந்தத் தவற்றைத் தவிர்க்க வண்டிக்குள் இருப்பவர் மட்டும் போதாது. கூட்டத்தோடு நடக்கும் நான்காம் காமிராக்காரர்தாம் யார் யார் வருகின்றனர் என்பதை நேரில் காண்கிறவர். அவர் ஆணைக்காகக் காத்திராமல் அந்த முகங்களைத் தம் லென்ஸில் பிடித்து, "இதோ, இது வேண்டுமா?" என்பது போல் நிறுத்திக் காட்ட வேண்டும். நல்ல காமிராக்காரர் படத்தைக் கொடுப்பவர் மட்டும் அல்லர். அடுத்த படத்தை நினைவூட்டுபவர். தயாரிப்பாளர் பணியைச் சிறிதேனும் பழகியவருக்குத்தான் அந்த எண்ணம் தோன்றும். தமக்கு ஆணையிடப்பட்டதை மட்டும் செய்வோர் ஐவர் சேர்ந்தால், விழா ஒருவருடைய கண்ணளவே ஆகிவிடும். ஐவரும் தயாரிப்பாளராகவும் சிந்தித்தால், அது உண்மையிலேயே ஐந்து இடங்களிலிருந்து கண்ட விழா ஆகும்.

இவ்வாறு சொல்வதனால், எல்லாரும் எல்லாம் வல்லவர் ஆகலாம் என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். ஒலியின் நுட்பத்தைத் தேர ஒரு வாழ்நாள் வேண்டும். காமிராவும் அத்தகையதே. பொறியியற் பகுதியை முறையாகப் படித்தவரன்றிப் பிறர் தொடவும் கூடாது. இறுதியில் ஒவ்வொருவரும் ஒரு தொழிலில் ஊன்றித்தான் ஆக வேண்டும். பணி மாற்றிப் பயில்வது, ஊன்றுவதற்கு முன் சுற்றிப் பார்ப்பது. சுற்றிப் பார்த்தவன் தனக்குப் பொருந்திய இடத்தையும் கண்டுகொள்கிறான். தயாரிப்பாளர் ஆவதற்கென்றே வந்த மாணவி ஒருத்தி, மூன்றாவது வாரம் ஒலிப் பலகையில் அமர்ந்தாள். பிறகு அங்கிருந்து எழ மனம் வரவில்லை. அந்த வாரம் அவளுக்குக் கிடைக்காமல் போயிருந்தால், அவள் காதின் அருமையை அவளே அறிந்திருக்க மாட்டாள்.

இக்காலத்தில் கருவிகள் எளியவை ஆகிவிட்டன. ஒரு வண்டி நிறைய இருந்த பொறிகள் செய்த வேலையில் ஒரு பகுதியை மடிக்கணினி ஒன்று செய்துவிடுகிறது. ஊர்த் திருவிழாவையும் கல்லூரி விழாவையும் கைப்பேசிகளைக் கொண்டே இணையத்தில் நேரடியாகக் காட்டுகின்றனர். இதனால் ஒருவரே எல்லா வேலையையும் செய்துவிடலாம் என்ற எண்ணமும் பரவி வருகிறது. சிறு நிகழ்ச்சிக்கு அது போதும். ஆயின், கருவி சுருங்கியதனால் பணிகள் சுருங்கிவிடவில்லை. மைக் தொலைவில் இருந்தால் இன்றும் ஒலி பிந்தித்தான் வரும். கோட்டைக் கடந்தால் இன்றும் தெப்பம் திரும்பிவிடும். பார்க்கும் கண்ணையும் கேட்கும் காதையும் ஒரே மனிதன் ஒரே கணத்தில் இரண்டு இடத்தில் வைக்க இயலாது.

ஆகவே உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஆண்டு விழா வரும். அதற்கு முன் ஒரு மாலை, ஒரு வில்லுப்பாட்டையோ நாடகக் காட்சியையோ ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கைப்பேசிகளைக் காமிராவாக நிறுத்துங்கள். மூவர் காமிரா, ஒருவர் ஒலி, ஒருவர் படம் மாற்றுபவர், ஒருவர் களத்தில் நிற்பவர், ஒருவர் ஆணையிடுபவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். எழுபது நிமிடத்தில் எழுவரும் ஏழு இடத்திலும் நின்றிருப்பீர்கள். முடிந்தபின் பதிவைப் பார்த்துக் குறை சொல்லிக்கொள்ள வேண்டா. ஒவ்வொருவரும் ஒரு தாளில், "இந்த இடத்தில் நின்றபோது எனக்கு யாருடைய உதவி தேவைப்பட்டது?" என்று மட்டும் ஏழு வரி எழுதுங்கள். பிறகு ஏழு தாள்களையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். மறுநாள் நீங்கள் காட்டும் காட்சி முதல் நாள் காட்சியைவிடச் செம்மையாக இருக்கும் என்பதற்கு நான் பொறுப்பு.

அந்தத் தாள்களில் கம்பி பிடித்த தோழனின் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாளை நீங்கள் எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் அந்த எண் உங்களுக்கு உதவும்.